பதினைந்து கோப்பைகளும் ஒரு கோப்பையும்

சென்ற மே விடுமுறையில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், 6 வயதான என் மகளுக்கும் 11 வயதான என் தங்கை மகனுக்கும் ஒரு கதை சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரு பையன், கதவுக்குப் பின்னால் நாற்காலியில் தட்டு இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன், அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அலமாரியில் ஏறி ஜாமை எடுக்கப்போய், ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு?

"பதினஞ்சு உடைச்சவன்தான்" என்றாள் மகள். "இல்ல மாமா, அவன் தெரியாமத்தான உடைச்சான்" என்றான் மருமகன்.

கதை என்னுடையது அன்று. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலில் உள்ளது. சிறு பிள்ளைகள் சேதத்தின் அளவைப் பார்க்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் சிறு பிள்ளைகளும் அதைக் கணக்கில் கொள்கிறார்கள் என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறு: மகளுக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்ததில் என் பங்கு எவ்வளவு?

அதற்கு முந்தைய மாதம், ஆச்சிக்குத் தாகமாக இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே சொம்பில் தண்ணீர் மொண்டு ஓடிவந்தவள், கால் தடுக்கி, கட்டிலில் கிடந்த என் கைபேசியின் மேல் அத்தனையையும் கொட்டிவிட்டாள். தெருவுக்குக் கேட்கும்படி ஏசினேன். அதே வாரம் தோழியின் பென்சிலை எடுத்துவிட்டு, கீழே கிடந்தது என்று பொய் சொன்னபோது, "திருப்பிக் கொடுத்துரு" என்பதோடு விட்டுவிட்டேன். கைபேசி விலை கூடியது, பென்சில் விலை குறைந்தது. நான் அளந்தது அவ்வளவுதான்.

ஏறத்தாழ 3 முதல் 6 வயதுவரை, தானாக ஒன்றைத் தொடங்கிச் செய்யும் துணிவுக்கும் குற்ற உணர்வுக்கும் இடையே குழந்தை ஊசலாடுகிறது என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அந்தச் சொம்பை நினைக்கும்போதெல்லாம் இந்த வரி எனக்கு நெஞ்சில் தைக்கிறது. ஒழுக்க வளர்ச்சியை ஆறு படிகளாக வகுத்த லாரன்ஸ் கோல்பர்க்கும் முக்கியமானவர்தான். ஆனால் 1958இல் அவர் முடித்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் பையன்கள். 1982இல் உளவியலாளர் கேரல் கில்லிகன் அதைச் சுட்டிக்காட்டியது நியாயம் என்றே கருதுகிறேன்.

பியாஜேயிடம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோலி விளையாட்டு. அவர் பையன்களோடு உட்கார்ந்து, விதிகளைத் தனக்குக் கற்றுத்தரும்படி கேட்டார். சிறியவர்களுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, மாற்றக்கூடாதது. பத்து வயதைக் கடந்தவர்களுக்கோ எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளக்கூடியது. இந்த மாற்றம் பெரியவர்களின் அதட்டலில் வருவதில்லை, சம வயதினரோடு பேசி, சண்டையிட்டு, ஒத்துப்போவதில் வருகிறது என்றார்.

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் குழி தோண்டிக் கோலிக்காய் விளையாடினார்கள். "ஏளா, நீ சின்னப்பிள்ளைல்லா, ரெண்டு சாண் முன்னால நின்னு போடு" என்றான் மருமகன். கோட்டில் நின்றுதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள், தீர்ப்புக் கேட்டு என் பக்கம் திரும்பினாள். "அவன்கிட்டயே பேசிக்கோ" என்றேன். வெகுநேரம் பேசினார்கள். பிறகு அவள் கீழே உட்கார்ந்து, கோட்டிலிருந்து ஒரே ஒரு சாண் அளந்து, அந்த இடத்தில் ஒரு புதிய கோடு போட்டாள்.