கிருபையா, அருளா, பிரியதத்தமா?

உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் எடுத்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். ‘கிருபை’ புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கு, ‘அருள்’ கத்தோலிக்கருக்கு. ‘பிரியதத்தம்’ அம்மம்மாமாரின் பழைய செபத்தில், ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று வரும். மூன்றுக்கும் கீழே சேர் வெண்கட்டியால் எழுதியது ஒரே சொல்: காரிஸ். பவுலின் கிரேக்கச் சொல்; கடவுள் இலவசமாகத் தரும் தயவு.

அடுத்து, கிருபை பற்றி அகுஸ்தீனோடு மோதிய ஐந்தாம் நூற்றாண்டுப் போதகர் பெலாஜியஸ். ‘அவர் கிருபையை மறுத்தார்’ என்று எழுதினால் புள்ளி போய்விடும். சுயாதீனச் சித்தம், நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்), கிறிஸ்துவின் முன்மாதிரி, பாவமன்னிப்பு எல்லாமே கிருபைதான் என்றார் அவர். 415இல் பாலஸ்தீனத்தின் டியோஸ்போலிஸில் கூடிய ஆயர்கள் அவரை விடுவித்ததும் அதனால்தான். வழியைக் காட்டிவிட்டால் மட்டும் காணாது, நடக்கும் விருப்பமே உள்ளே ஊட்டப்பட வேண்டும் என்பது வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீனின் கட்சி. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது.

இந்தச் சண்டையில்தான் அகுஸ்தீனுக்கு இந்தக் கருத்தே பிறந்தது என்று பலரும் எழுதுவார்கள். அதுவும் பிழை. 396 அளவிலேயே, மிலானின் சிம்பிளிசியானுஸுக்கு எழுதிய பதிலில், 1 கொரிந்தியர் 4:7 அவரை மடக்கிவிட்டது: ‘நீ பெற்றுக்கொள்ளாதது யாது?’ விசுவாசமும் பெற்றதுதான் என்றால் மனுஷன் தன் பங்கென்று எதை முன்வைப்பது?

சிக்கல் உண்மையில் ரோமர் 5:12இல். கிரேக்கத்தில் ‘எப் ஹோ’ என்று இரண்டு குட்டிச் சொற்கள். லத்தீன் மொழிபெயர்ப்பு அதை ‘இன் க்வோ’ (‘அவனுக்குள்’) ஆக்கியது. ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ என்று, ஆதாமைச் சுட்டியே, அகுஸ்தீன் வாசித்தார். பச்சைக் குழந்தைக்கும் ஆதாமின் குற்றத்தில் பங்குண்டு என்பதற்கு இந்த வாசிப்பு பெரிய முட்டு. நம்முடைய பழைய வேதாகமத்தைத் திறந்தால் ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்றிருக்கும். அது காரணம் சொல்லும் வாக்கியம். ஆதாமுக்குள் யாரையும் வைக்காது. தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு அகுஸ்தீன் எங்கிருந்து பேசுகிறார் என்றே பிடிபடாது. அவருடைய வாதம் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் தொங்குகிறது என்று துள்ளவும் வேண்டாம். 1 கொரிந்தியர் 4:7 அப்படியே நிற்கிறது.

தென் பிரான்ஸின் மார்சேய் பக்கத்துத் துறவிகளுக்கு, குறிப்பாக காசியானுக்கு, ஒரு மனக்குறை: முதல் அடியையாவது சிலவேளை மனுஷன் வைக்கலாமே? 529இல் ஒரேஞ்ச் சங்கம் 25 விதிகளிலும் முடிவுரையிலும் அதற்குப் பதில் சொன்னது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே; ஆனால் தீமைக்கென்று கடவுள் எவரையும் முன்குறிக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.