ஆவிக்கும் அதே பலகை

2014 ஜனவரியில் நான் மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருந்தேன். வாசற்கதவு ஒரு நொடி திறந்தாலும் உள்ளே இருப்பவர்கள் தோளைக் குறுக்கிக்கொள்ளும் அளவுக்குக் கடுங்குளிர். அப்படியொரு மாலையில், மூலை மேசையில் அமர்ந்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர் பேனா போன்ற மின்சிகரெட் குழலொன்றை உதட்டில் வைத்து இழுத்து, வெண்மையான படலத்தை மெல்ல ஊதினார். செயற்கையான மாம்பழ வாசம் சாம்பார் மணத்தை மீறி எழுந்தது. பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த இளைஞரிடம் சென்று, "தம்பி, இங்கே புகைபிடிக்கக் கூடாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இது புகை இல்லை அண்ணா, வெறும் ஆவிதான். இதற்குத் தடை எதுவும் இல்லையே" என்று அமைதியாகச் சொன்னார்.

அன்றைய நிலவரப்படி அவர் சொன்னது சரி. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் புகையில்லாக் காற்றுச் சட்டத்துக்குள் மின்சிகரெட்டையும் கொண்டுவரும் திருத்தத்தை நியூயார்க் நகர மன்றம் 2013 டிசம்பர் 19 அன்று 43க்கு 8 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியிருந்தது. பதவிக்காலம் முடிவதற்கு ஒரு நாள் முன்பாக மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அதில் கையெழுத்தும் இட்டிருந்தார். ஆனால் அது நடைமுறைக்கு வர ஏப்ரல் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இளைஞருக்குச் சொல்ல எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணி தட்டைத் தானே தூக்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி, கதவருகே குளிர் வீசும் மேசைக்கு மாறினார். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டுபோய் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இத்தகைய தடைகளைப் பற்றிப் பேசும்போது, புகைப்பவரின் உரிமை ஒரு பக்கமும் அருகில் இருப்பவரின் உடல்நலம் மறுபக்கமும் நிற்பதாகவே பெரும்பாலோர் வழக்கை வகுத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாம் ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பரிமாறுபவரும் கல்லாவில் இருப்பவரும் பத்து மணி நேரம் அதே காற்றைச் சுவாசிக்க வேண்டும். அதோடு, யாராவது ஊதத் தொடங்கினால் எழுந்து சென்று தடுத்துச் சொல்ல வேண்டியவரும் அவரே. அவருடைய வருமானமோ, யாரிடம் அதைச் சொல்கிறாரோ அவர் மேசையில் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸை நம்பியிருக்கிறது. சட்டத்தின் துணை இல்லாமல் அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியாது. உள்ளூர் அரசின் இந்தத் தடையை நான் முழுமனதோடு ஆதரிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

உள்ளூர் அரசு என்று அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் இந்தப் பொருள் பரவத் தொடங்கியபோது கூட்டாட்சி அரசு நெடுங்காலம் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரவில்லை. உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகள் 2016இல்தான் மின்சிகரெட்டையும் தழுவின. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 2009இல், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சஃபோக் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவு) உட்புறப் பொது இடங்களில் அதைப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டது. நியூயார்க் நகரத்தைத் தொடர்ந்து, 2014 ஜனவரியில் சிகாகோ நகர மன்றமும் மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றமும் தடை விதித்தன. லாஸ் ஏஞ்சலிஸில் மதுக்கூடங்களுக்கு விலக்கு அளிக்கலாமா என்பதை ஒட்டிக் கடும் விவாதம் நடந்தது. இறுதியில் அந்த விலக்கு தோற்றது. மதுக்கூடத்தில் வேலை செய்பவருக்கும் நுரையீரல் இருக்கிறது என்பதால் அந்த முடிவு எனக்கு மிகவும் நிறைவளித்தது. நியூயார்க் மாநிலம் முழுவதற்குமான தடை 2017 நவம்பரில் வந்தபோது, எங்கள் நகரம் மூன்றரை ஆண்டுகளாக அதற்குப் பழகிப்போயிருந்தது.

அது வெறும் ஆவிதான் என்ற வாதத்துக்கு 2016 டிசம்பரில் தெளிவான பதில் கிடைத்தது. அமெரிக்காவின் அன்றைய தலைமை மருத்துவ அலுவலர் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, மின்சிகரெட்டிலிருந்து வெளிவருவது தீங்கற்ற நீராவி அன்று என்று உறுதியாகக் கூறியது. நிக்கோட்டினும் நுண்துகள்களும் வேறு சில தீங்கான வேதிப்பொருள்களும் அதில் இருக்கின்றன. சிகரெட் புகையைவிட அவற்றின் அளவு பொதுவாகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குறைவு என்பதனால் கைக்குழந்தையின் முகத்தருகே அதை ஊதலாம் என்று ஆகிவிடாது.

என் மைத்துனர் இருபது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். புகைப்பழக்கத்தை விட உதவும் நிக்கோட்டின் பசைப்பட்டை, மிட்டாய், மாத்திரை என எல்லாவற்றையும் முயன்று தோற்றபின், மின்சிகரெட்டின் துணையோடுதான் அதை விட்டார். அவரைப் போன்றவர்களுக்கு இந்தத் தடை அநியாயம் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுடைய கவலை பொய்யானதன்று. ஆயினும் சட்டம் அவர் கையிலிருந்து அந்தக் குழலைப் பிடுங்கவில்லை, எந்த இடத்தில் கூடாது என்பதை மட்டுமே வரையறுத்தது. விற்பனையைத் தடுப்பதும் பயன்படுத்தும் இடத்தை வரையறுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதால், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது யாருக்கும் உதவாது. 2020இல் நகரம் சுவையூட்டிய மின்சிகரெட்டுகளின் விற்பனையையே நிறுத்தியது. பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கம் பரவிய வேகத்தைப் பார்த்தபின் எடுத்த தனி முடிவு அது.

2014 ஏப்ரல் இறுதியில் எங்கள் உணவகத்தின் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, புகைபிடித்தலையும் மின்சிகரெட்டையும் ஒரே வரியில் தடைசெய்யும் புதிய பலகையை நான்தான் கதவருகே மாட்டினேன். அதற்குப் பிறகு ஒருவர் குழலை எடுத்தால், அது புகையா ஆவியா என்று வாதிட வேண்டிய தேவை இருக்கவில்லை. பலகையைக் கைகாட்டுவேன், பெரும்பாலோர் "மன்னிக்கவும்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். மைத்துனர் வரும் நாள்களில், சாப்பிட்டு முடித்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு நடைபாதையின் ஓரத்தில் போய் நிற்பார். அவர் உள்ளே திரும்பும் நேரம் பார்த்து நான் காப்பியை ஆற்றி வைத்திருப்பேன்.