சத்திரப்பட்டி வரை பதினேழு நிறுத்தம்

தண்ணீரை ஒளித்து வைப்பதில் நான் கெட்டிக்காரன். மூன்றரை வருடம் அதுவும் என் வேலையாக இருந்தது. 2019-இல் என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்தது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். சிறுநீர் அநேகமாக நின்றுபோனதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தேங்கும். நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளவு போட்டுக் கொடுத்தார்கள். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். குடத்தை அடுப்படியிலிருந்து தூக்கித் தறிக்கூடத்தில் வைத்துவிட்டேன். சித்திரை வெயிலில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுப்பேன். எனக்கே அசிங்கமாக இருக்கும்.

2022 நவம்பரில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது அவள் அம்மா, என் அத்தை. 57 வயது. பழைய கிட்னி இரண்டையும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வலது பக்கம் வைத்துத் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தை சொன்னது: "அப்ப எம்மகளுக்கு மூணு, எனக்கு ஒண்ணு. கணக்கு சரிதான்."

ஆபரேஷன் முடிந்த சில நாளில் ஒரு நர்ஸ் லிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து, "சாயங்காலத்துக்குள்ள இது காலியாகணும்மா" என்று கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பாட்டிலைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள். "குடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் வரைக்கும் எங்களுக்கு வழி சொல்ல ஆள் இருந்தார்கள். டயாலிசிஸ் கூடத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களே பாதி டாக்டர்கள். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பிப் போவது எப்படி என்றுதான் யாரும் சொல்லவில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் யாரும் நேரே ஊருக்கு விடுவதில்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை. புரசைவாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினோம். சமைக்கப் பழகினேன். ஆறாவது வாரம் புதுக் கிட்னியின் சிறுநீர்க் குழாய்க்குள் வைத்திருந்த ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை எடுத்தார்கள். ரத்தத்தில் தங்கும் கழிவின் அளவான கிரியாட்டினின் 1.1-இல் நின்றது, கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பிப்ரவரிக் கடைசியில் டாக்டர் ஃபைலை மூடி, "ஊருக்குப் போகலாம்" என்றார். அவள் அழுதாள், சந்தோஷத்தில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. புரசைவாக்கத்தில் ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் ஆட்டோவில் கால் மணி நேரம். சத்திரப்பட்டியில் இருந்து என்ன செய்வது?

சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கம். ஊர் முழுக்க விசைத்தறி. புடவையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளில் காயத்தில் வைத்துக் கட்டுகிற சல்லாத்துணி எங்கள் தெருவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் எட்டுத் தறி உண்டு. அவள் வயிற்றில் கட்டு மாற்றும்போதெல்லாம் என் கண் தையலைப் பார்க்காது, துணியின் ஓரத்தைத்தான் பார்க்கும். ஊர்த் துணிதானா என்று. ஒரு தடவை டியூட்டி டாக்டரிடமே, "இதுல ஊடை கம்மியா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். ஊடை என்றால் துணியில் குறுக்கே ஓடுகிற நூல். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காயத்துக்கு நல்லது செய்கிற அந்தத் துணி, நெய்கிற இடத்தில் பஞ்சுத் தூசிதான். என் தறிக்கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். உடம்பு புதுக் கிட்னியை அந்நியப் பொருள் என்று தாக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட இவளைப் படுக்கவைத்துவிடும். வீட்டு விவரத்தைச் சொன்னபோது டாக்டர் தூசியோடு நிற்கவில்லை. "புறா இருக்கா?" என்றார். தறிக்கூடத்து ஓட்டுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். புறா எச்சத்தில் நுரையீரலையும் மூளையையும் பாதிக்கிற பூஞ்சை வளருமாம்.

தம்பியிடம் போனில் சொல்லச் சொல்ல அவன் செய்தான். ஓட்டுக்கடியில் வலை அடித்தான். மேல் தொட்டியைக் கழுவினான். கழிப்பறையில் மேற்கத்திய பீங்கான் வைத்தான். சுவருக்கு வெள்ளை அடித்தான், ஆனால் நாங்கள் போவதற்கு மூன்று வாரம் முன்பே. வாசலில் சாணி தெளிப்பதை நிறுத்தச் சொன்னதும் அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. படுக்கையைத் தறிக்கூடத்துச் சுவரிலிருந்து தள்ளி தெருப்பக்கத்து அறைக்கு மாற்றினோம். தறியை நிறுத்த முடியாது, எட்டும் கடனில் ஓடுகிறவை. இடைக்கதவை நிரந்தரமாக அடைத்து, நான் தறிக்கூடத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, சட்டை மாற்றி, கை கால் கழுவி, அப்புறம்தான் உள்ளே நுழைவது என்று வைத்துக்கொண்டோம். இன்றுவரை அப்படித்தான்.

பயணத்துக்கு வருகிறேன். ரயில் வேண்டாம், கூட்டம் ஆகாது என்றார்கள். வாடகைக் கார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டிரைவர் எங்கள் ஊர்ப் பையன், "ஒன்பது மணி நேரத்துல கொண்டுபோய் விட்ருவேன்ணே" என்றான். அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது. வருடக்கணக்கில் சிறுநீரே வராதவர்களுக்கு மூத்திரப்பை சுருங்கிப்போயிருக்கும். புதுக் கிட்னி மளமளவென்று வேலை செய்யும், பை கொள்ளாது. அது மெதுவாகத்தான் பழையபடி விரியும். நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தே ஆக வேண்டும், அதோடு அரைமணிக்கு ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் பங்க் கழிப்பறைகளை நினைத்தாலே எனக்குப் பயம். இவளுக்கு முதலில் வருகிற தொற்றே சிறுநீர்த் தொற்றுதான் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மடக்கு கம்மோடு நாற்காலி வாங்கினேன். கூட ஒரு வாளி, இரண்டு கேன் தண்ணீர், டிஷ்யூ, ஒரு எட்டு முழ வேட்டி. காய்ச்சி ஆறவைத்த குடிதண்ணீர் தனியாக. சீட் பெல்ட் நேராக அந்த அடிவயிற்றுத் தையல் மேலேயே அழுத்தியது, நடுவில் ஒரு சின்னத் தலையணை. மாத்திரை டப்பா என் மடியில், டிக்கியில் இல்லை.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பரனூர் டோல்கேட் தாண்டுமுன்பே முதல் நிறுத்தம். மரமும் ஆள் நடமாட்டமில்லாத இடமும் பார்த்து, கார்க் கதவு இரண்டையும் திறந்து நடுவில் வேட்டியைக் கட்டுவேன். டிரைவர் பையன் நூறடி தள்ளிப் போய் போன் பேசுவது போல நிற்பான். பேசுகிறானா நடிக்கிறானா என்று தெரியாது, நல்ல பையன். விக்கிரவாண்டிக்குள் நாலு தடவை. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு தடவை காற்றில் வேட்டி அவிழ்ந்து புளியமரத்துக் கிளையில் மாட்டிக்கொண்டது. நான் குதித்துக் குதித்து இழுக்க, அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாலு வருடம் இருக்கும்.

காலை ஒன்பது மணிக்கு டாக்ரோலிமஸ், எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை. எந்த ஊரில் இருந்தாலும் காலை ஒன்பது, இரவு ஒன்பது. அதற்கு முன்னும் பின்னும் வயிறு காலியாக இருக்க வேண்டும். போனில் அலாரம் வைத்திருந்தேன், அலாரத்துக்கு முன்பே டிரைவர் சொல்லிவிட்டான்: "அண்ணே, மாத்திரை." சமயபுரத்தில் கோபுரத்தைக் காரில் இருந்தே கும்பிட்டாள். மதுரையைச் சுற்றுச்சாலையில் தாண்டி, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலை தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மாலை ஆறு. கணக்கு வைத்திருந்தேன், பதினேழு நிறுத்தம்.

ஆரத்தி கரைத்து நின்றார்கள். தெருவே நின்றது. கையெடுத்துக் கும்பிட்டபடியே அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அன்றைக்குத் தெருவில் பாதிப் பேருக்கு என் மேல் வருத்தம்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வராமல் இருப்பது எங்கள் பக்கம் பெரிய குற்றம், வந்தவரை வாசலோடு அனுப்புவது அதைவிடக் குற்றம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டும் வந்தார்கள். மாஸ்க்கை நீட்டினால் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தது அத்தை. மகளுக்கு முன்பே ஊருக்கு வந்து தேறியிருந்தவர், ஒரு மாதம் எங்களோடு இருக்க வந்தார். திண்ணையில் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கிட்னி குடுத்தது நானு. என்னையப் பாருங்க, போதும். அவளுக்கென்ன, வாங்கிக்கிட்டுப் படுத்துருக்கா" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் அவர் கதையைக் கேட்டு, காபி குடித்து, ஜன்னல் வழியாக ஒரு கை அசைத்துவிட்டுப் போனார்கள்.

ஜன்னலில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை: "நல்லா சதை போட்டுருக்கியேம்மா." ஸ்டீராய்டு மாத்திரை முகத்தை உப்ப வைக்கும், பசியைக் கிளப்பும். அவள் கண்ணாடியை ஒரு துண்டால் மூடி வைத்திருந்தாள். டாக்ரோலிமஸால் கை நடுங்கும், தேநீர் டம்ளர் தளும்பும், ஊசியில் நூல் கோக்க முடியாது. சதை போட்டிருக்கிறாய் என்பதைக் கேட்டு அவள் சிரித்துவைப்பாள், நான் உள்ளே பற்களைக் கடிப்பேன்.

ஒரு சித்தப்பா மூக்கிரட்டைக் கீரையைக் கட்டாகக் கொண்டுவந்தார். கிட்னிக்கு அதைப் போல வராது என்று. எந்த மூலிகையும், எந்தச் சூரணமும் கூடாது என்பது டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருந்தது. மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடலாம், இறக்கிவிடலாம். பம்ப்ளிமாஸ் பழம்கூட அதனால்தான் ஆகாது. "சரி சித்தப்பா, சமைச்சுப் போடுறேன்" என்று வாங்கி மாட்டுக்குப் போட்டேன். பொய்தான்.

நோட்டு ஒன்று போட்டேன், தறிக்கணக்கு நோட்டுப் போலவே கோடு கிழித்து. குடித்தது, கழித்தது, எடை, பிரஷர், காய்ச்சல் அளவு. பிரஷர் வலது கையில் மட்டும். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய் இரண்டை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா இருக்கிறது. இப்போது வேலை இல்லாவிட்டாலும் ரத்தம் அதில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தொட்டால் அதிரும், காதை வைத்தால் பக்கத்துத் தெருவில் தறி ஓடுவது போல ஒரு இரைச்சல்.

மருந்தளவுப் பரிசோதனைதான் ஊரில் பெரிய பாடு. காலை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய், எடுத்து முடித்த பிறகு அங்கேயே போட வேண்டும். முதல் தடவை பழக்க தோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனோம், அளவு எகிறிக் காட்டியது. சென்னைக்குப் போன் செய்து, திட்டு வாங்கி, மறுபடி எடுத்தோம். ஊதா மூடிக் குழாயில் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் தறியில் அறுந்த நூலைக்கூடக் கவனிக்கவில்லை என்று தம்பி சொன்னான்.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி 100.6 டிகிரி. நூறைத் தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதே, உடனே கூப்பிடு என்று சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டேன். மதுரைக்குப் போகச் சொன்னார்கள். சிறுநீர்த் தொற்று. கிரியாட்டினின் 1.6. ஐந்து நாள் ஊசி. 1.6 என்று கேட்டதும் அத்தை தன் இடுப்புத் தழும்பைத் தடவிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் 1.2-க்கு இறங்கியது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் இட்லி வாங்கி வந்தார்.

அந்த ஐந்து நாளில் சென்னைக்கு மாதாந்திர மாத்திரை வாங்கப் போக வேண்டிய தேதி தவறிவிட்டது. வெளியே ஒரு கடையில் கேட்டேன். வேறு கம்பெனி டாக்ரோலிமஸை எடுத்து வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார்." கம்பெனி மாறினால் அளவு மாறக்கூடும், கேட்காமல் மாற்றாதே என்பது எனக்குத் தெரியும். ஆனால் டப்பாவில் மூன்று வேளைதான் மிச்சம். வாங்கிக்கொள்ளலாமா என்று கை நீண்டுவிட்டது. பிறகு டயாலிசிஸ் கூடத்தில் பழகி, இப்போது மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கிற ஒரு சென்னை நண்பருக்குப் போன் செய்தேன், அவர் போடுவதும் எங்கள் கம்பெனி மாத்திரைதான். பத்து வேளைக்கான மாத்திரையை ஊர் பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டார், மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கினேன். இப்போதெல்லாம் பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பு.

வெயில் ஏறியதும் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் செம்பை எடுத்து அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். என்னை அறியாமல் "போதும்" என்றேன். செம்பை இறக்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "நோட்டுல என்ன எழுதியிருக்கு, பாருங்க" என்றாள். அன்றைக்கு இன்னும் ஒரு லிட்டர் பாக்கி.

அடுத்த வாரம் ஆறாவது மாதச் செக்கப். இந்த முறை ரயிலில் போகலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டி, மாஸ்க்கோடு. மூத்திரப்பை இப்போது இரண்டு மணி நேரம் தாங்குகிறது. அவள் ஜன்னலோரம் வேண்டும் என்கிறாள். நான் கழிவறைக்குப் பக்கத்துப் பெர்த்தாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.