ஆற்றுக்கு அடியில் காற்று

நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர்கள், வீடு பார்க்கும்போதே ஹட்சன் ஆற்றை எந்த வழியாகக் கடக்கப் போகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள். சாலை வழியாகச் செல்ல மூன்றே வழிகள்தாம் உள்ளன: தெற்கே ஹாலந்து சுரங்கப்பாதை, நடுவே லிங்கன் சுரங்கப்பாதை, வடக்கே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். மன்ஹாட்டன் தீவின் மறுபுறம் ஈஸ்ட் ஆற்றின் மேல் புரூக்ளின் பாலம் 1883-லேயே திறக்கப்பட்டுவிட்டது. மேற்குப் பக்கத்து வண்டிகளோ 1927 வரை படகில் ஏறித்தான் ஆற்றைக் கடந்தன. ஹட்சன் அகலமான ஆறு. பெருங்கப்பல்கள் போய்வரும் அளவுக்குப் பாலத்தை உயர்த்தினால், அதற்கு ஏறும் சாலை நெரிசலான தென்மன்ஹாட்டனில் பல தெருக்களை விழுங்கிவிடும்.

அதனால் சுரங்கம் தேவைப்பட்டது. 1927-ல் திறந்த ஹாலந்து சுரங்கப்பாதைதான் அது. ஆற்றடியில் குழாய் பதிக்கும் வித்தை அப்போதே கைவந்திருந்தது. 1910 முதல் ஹட்சனுக்கு அடியில் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவை மின்சார ரயில்கள், புகை கக்காதவை. ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள மூடிய குழாய்க்குள் ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதே உண்மையான சிக்கல். இதற்காகப் பென்சில்வேனியாவில் ஒரு சோதனைச் சுரங்கத்தில் வண்டிகளை ஓட்டிப் புகையை அளந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் மனிதர்களையே மூடிய அறையில் அந்த வாயுவைச் சுவாசிக்க வைத்து, உடல் எவ்வளவு தாங்கும் என்று கணித்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது என்றே நினைக்கிறேன்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றை ஊதினால் உள்ளே புயலடிக்கும் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது. சாலைக்கு அடியிலுள்ள அறை வழியாக வரும் தூய காற்று ஓரங்களிலுள்ள இடுக்குகளில் வெளிப்பட, புகை கலந்த காற்று கூரைக்கு மேலுள்ள அறைக்கு உறிஞ்சப்பட்டு வெளியேற்றப்படுகிறது. இரு கரைகளிலுமாக நான்கு கட்டடங்களில் உள்ள 84 விசிறிகள் சுரங்கத்தின் மொத்தக் காற்றையும் 90 விநாடிகளுக்கு ஒருமுறை மாற்றும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்டு ஹாலந்து, இரு கரைகளிலிருந்தும் தோண்டி வந்த குழாய்கள் சந்திக்கவிருந்த தறுவாயில், 1924 அக்டோபரில், 41 வயதில் இறந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் இறந்துபோக, காற்றோட்ட முறையை வகுத்த ஓலே சிங்ஸ்டாட் பணியை முடித்தார். இன்றும் வழிப்பலகைகளில் இருப்பது ஹாலந்தின் பெயர்தான். சிங்ஸ்டாட்டைத் தெரிந்தவர்கள் குறைவு.

1931-ல் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் நடுக்கண், அதாவது இரு கோபுரங்களுக்கு இடையிலான நீளம், 1,067 மீட்டர். அதற்குமுன் உலகில் இருந்த எந்தத் தொங்குபாலத்தையும்விட ஏறக்குறைய இரு மடங்கு. கோபுரங்களுக்குக் கருங்கல் போர்த்தும் திட்டம் பொருளாதார மந்தத்தில் கைவிடப்பட்டது. அந்த வெற்று எஃகு சட்டகமே அழகு என்பேன்.

1970 முதல் இம்மூன்றிலும் நியூயார்க்குக்குள் நுழையும்போது மட்டுமே சுங்கம். போதாததற்கு 2025 ஜனவரி முதல், மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே காரில் சென்றால், நெரிசல் நேரத்தில் மேலும் 9 டாலர் கட்ட வேண்டும். சுரங்கங்களின் வழியே வருவோருக்குச் சிறு கழிவு உண்டு.

ஆனால் என் மதிப்பில் மிகச் சிறந்த ஏற்பாடு லிங்கன் சுரங்கத்தின் காலைப் பேருந்துத் தடம்தான். வார நாள்களில் காலை ஆறு முதல் பத்து மணி வரை, சுரங்கத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எதிர்த்திசைத் தடம் ஒன்றைப் பிரித்துப் பேருந்துகளுக்கென ஒதுக்குகிறார்கள். 1970-ல் தொடங்கிய இந்த நான்கு கிலோமீட்டர் தடத்தில், பெருந்தொற்றுக்கு முன் ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ 70,000 பேர் பயணம் செய்தார்கள். புதிதாக ஒரு குழாயும் தோண்டாமல், இருக்கும் சாலையைப் பங்கிட்டதால் மட்டுமே இது கைகூடியது. மாலையில் வெளியேறுவதற்கு இத்தகைய தடம் கிடையாது. காலையில் கார் வரிசையைக் கடந்து விரைந்த அதே பேருந்து, மாலையில் அந்தக் கார்களுக்கு இடையிலேயே ஊர்ந்து வருகிறது.