அங்க அடையாளங்கள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வரலாறும் புவியியலும் ‘சமூக அறிவியல்’ என்ற பெயரில் கூட்டுக்குடும்பம் நடத்தும். பத்தாம் வகுப்பில் வரலாறு தனிக்குடித்தனம் போய் விருப்பப்பாடமாகிவிடும். டர்பனில் இரண்டு நிலையிலும் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வகுப்பு ஏற ஏறப் பிள்ளைகளின் கேள்விகள் குறைகின்றன, மதிப்பெண் கவலை கூடுகிறது.

நான்காம் வகுப்பில் ஊர் வரலாறு. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வா, பழைய பொருள் ஒன்று கொண்டு வா என்பதுதான் பாடமே. ஒரு பிள்ளை முறுக்கு அச்சு கொண்டுவரும், இன்னொன்று ஜூலு இனத்துப் பாட்டியின் மணிமாலை கொண்டுவரும். பேச்செல்லாம் பிள்ளைகளுடையது, ஆசிரியர் சும்மா நின்றால் போதும்.

எட்டாம் வகுப்பில் விஷயம் சூடுபிடிக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பட்டியலின் நகல் ஒன்றை வகுப்பில் சுற்றுக்கு விடுவது என் வழக்கம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், கடைசியில் அங்க அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம் என்று வரிசையாகப் போகும்.

“தழும்பை எதற்கு எழுதினார்கள், சார்?” என்று ஒரு ஜூலு மாணவி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு நாயுடு வீட்டுப் பையன், “ஓடிப்போனால் பிடிப்பதற்கு” என்றான். “அப்படியானால் எங்கள் தாத்தாவின் பாஸ் புத்தகம் மாதிரி” என்றாள் அவள். தோட்டத்தை விட்டு வெளியே போக அந்தத் தொழிலாளிக்கு முதலாளியின் சீட்டு வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கர்கள் நகரத்துக்குள் நடமாட 1986 வரை பாஸ் என்ற அனுமதிப் புத்தகம் வேண்டியிருந்தது. அடுத்த பாடவேளைக்கு என்று நான் வைத்திருந்ததை அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்று பவுன் வரியையும் கணக்காகவே போடச் சொல்வேன். 1895 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் இங்கேயே தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அரை ஆண்டு உழைப்பு வரிக்கே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், 1913 வேலைநிறுத்தம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. பதினாறு வயது என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மேல் வகுப்பில் பனிப்போரும் வியட்நாமும் தேர்வுக்கு வரும். “இந்த ஆதாரம் பயனுள்ளது, ஏனெனில்…” என்று தொடங்கும் விடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கள் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

அதனால் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தை நானாகவே இடைச்செருகுவேன். இறந்தவர்கள் 142 பேர் என்று மட்டும் பலகையில் எழுதி, யார் யார் என்று கேட்பேன். இந்திய வீட்டுப் பிள்ளைகள் தயங்காமல் “நம்மவர்கள்தான்” என்பார்கள். எரிந்த கடையும் இரவோடிரவாக ஓடியதும் பாட்டி சொல்லிக் கேட்டவை. அரசுக் கணக்கில் ஆப்பிரிக்கர்கள் 87, இந்தியர்கள் 50, மற்றவர்கள் 5. போலீசும் ராணுவமும் சுட்டுக் கொன்றவர்களும் இதில் உண்டு. ஆப்பிரிக்கப் பிள்ளைகள் வீட்டில் கேட்டது வேறு: இந்தியர் பஸ்சில் பட்ட அவமானம், கடைக்காரரின் விலை, குடிசைக்குக் கொடுத்த வாடகை. இரண்டும் பொய்யில்லை. பிறகு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்துக்கு வருவேன். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களில் இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் விரட்டப்பட்டார்கள். இரு தரப்பு வீட்டுக் கதையிலும் வராத ஆள் வெள்ளை அரசுதான்.

2021 ஜூலைக் கலவரத்தில், டர்பன் அருகே இந்தியர்கள் மிகுதியாக வாழும் பீனிக்ஸில் ஆப்பிரிக்கர்கள் பலர் கொல்லப்பட்ட பிறகு, இந்தப் பாடத்தைத் தொடாதே என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகள் எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தார்கள். நான் மட்டும் தெரியாதவன்போல் இருக்க முடியவில்லை.

கல்வி அமைச்சர் அமைத்த குழு ஒன்று, 2018-இல், பன்னிரண்டாம் வகுப்பு வரை வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. சக ஆசிரியர்களுக்கு ஏக மகிழ்ச்சி. எனக்கு உடன்பாடில்லை. ‘லைஃப் ஓரியன்டேஷன்’ என்ற வாழ்க்கை நெறிப் பாடமும் கட்டாயம்தான். அந்த நேரத்தில் பிள்ளைகள் கணக்கு வீட்டுப்பாடத்தை முடிக்கிறார்கள். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு வாரம் மூன்று மணி நேரம், அதில் பாதி புவியியலுக்குப் போய்விடுகிறது. அதைக் கூட்டித் தரச் சொல்லி யாராவது பரிந்துரைத்தால் நானும் கை தூக்குவேன்.