த்ரீ-வே ஸ்பீக்கருக்கு மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் வாங்கப் பட்ட பாடு

மேல் ஒலிக்கான ட்வீட்டரின் அட்டைப்பெட்டி மேல் ரெசொனன்ஸ் (அது தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) 900 ஹெர்ட்ஸ் என்று பளிச்சென்று அச்சடித்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால் 1,500-ஐத் தாண்டி நிற்கிறது. ஜோடியில் இன்னொன்று அதைவிட மோசம், 1,600-க்குப் பக்கம். அந்த 900-ஐ வைத்துத்தான் நடு ஒலிக்கான மிட்ரேஞ்சின் சைஸ், ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் எல்லாம் கணக்குப் போட்டாகியிருந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. குறைந்த பட்ஜெட்டில் த்ரீ-வே (கீழ், நடு, மேல் ஒலிக்குத் தனித்தனி ட்ரைவர் உள்ள ஸ்பீக்கர்) கட்டப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

கீழ் ஒலிக்கான ஊஃபரில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. 8 இன்ச், 8 ஓம், 88 டெசிபல். டேட்டாஷீட்டில் சொன்னபடியே இருந்தது. பெட்டியை 18 மி.மீ. ப்ளைவுட்டில், முன்பலகை 25 செ.மீ. அகலத்தில், ஆசாரி சுத்தமாக அடித்துக் கொடுத்துவிட்டார். தலைவலி முழுக்க மேலே உட்காரும் இரண்டில்தான்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிட்ரேஞ்ச் என்று கேட்டால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார்?" வீட்டு ஹாலில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கருக்கு வாட்ஸ் கடைசியாகப் பார்க்க வேண்டியது. சென்சிடிவிட்டி (கொடுக்கிற மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் சத்தம்) எவ்வளவு, எஃப்.எஸ். (அதே ரெசொனன்ஸ்தான்) எவ்வளவு என்று கேட்டால் கவுண்டரில் முகம் மாறிவிடுகிறது. ஒரு கடையில், "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார். பாட்டு போடறேன், காதால கேட்டு எடுத்துக்கோங்க" என்று சொல்லி, பின்பக்கம் மூடிய 5 இன்ச் மிட் ஒன்றை நேராக ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். கிராஸ்ஓவரும் இல்லை, பெட்டியும் இல்லை. "93 டிபி சார், செம லவுட்."

பின்பக்கம் மூடிய மிட்டுகள் பட்ஜெட்காரர்களைச் சுண்டி இழுக்கும். விலை குறைவு, தனியாக அறை கட்டித் தர வேண்டாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு இடமே இல்லாததால் ரெசொனன்ஸ் ஏகத்துக்கு மேலே போய்விடும். நண்பரிடம் இருந்த ஒன்றை அளந்து பார்த்தேன், 600 ஹெர்ட்ஸைத் தாண்டியது. அப்படியானால் அதை 1,200-க்கு மேல்தான் ஓடவிட முடியும். பாடகர் குரலில் பெரும்பகுதியை ஊஃபரே பாட வேண்டியிருக்கும். அதற்கு எதற்கு த்ரீ-வே?

எனக்கு ஊஃபரும் மிட்டும் 450 ஹெர்ட்ஸ் அருகில் பிரிய வேண்டும். காரணம் முன்பலகை. 115-ஐ அதன் மீட்டர் அகலத்தால் வகுத்தால் பேஃபிள் ஸ்டெப் எங்கே விழும் என்று தெரிந்துவிடும், 0.25 மீட்டருக்கு 460 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் போய்விடுவதால், திறந்த வெளியில் 6 டெசிபல் வரை குறையும். சுவர்கள் உள்ள அறையில் இழப்பு 3, 4 என்று நிற்கும். 88 டெசிபல் ஊஃபர் நடைமுறையில் 84, 85 தான். கிராஸ்ஓவரையும் அதே இடத்தில் வைத்துவிட்டால் மிட்டின் அளவைக் குறைத்தாலே போதும், பேஃபிள் ஸ்டெப்புக்கென்று தனி சர்க்யூட் வேண்டாம். பட்ஜெட் த்ரீ-வேயின் பெரிய லாபமே இதுதான் என்பேன். இப்படிப் பார்த்தால் மிட் 87 டெசிபல் இருந்தாலே தாராளம். 93 வாங்கினால் 8 டெசிபலை ரெசிஸ்டரில் சூடாக்கி வீணடிக்க வேண்டியதுதான்.

டேட்டாஷீட் கிடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் 1 வாட்டுக்குச் சொல்வார், இன்னொருவர் 2.83 வோல்ட்டுக்குச் சொல்வார். 8 ஓமில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் ட்ரைவருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் 2 வாட் போகும், 3 டெசிபல் கூடுதலாகக் காட்டும். ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்டேஜைத்தான் தருகிறது. ஆகவே எல்லா எண்ணையும் 2.83 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கடைசியில் வேறொரு கடையில் எஃப்.எஸ். 75 ஹெர்ட்ஸ், 88 டெசிபல் என்று ஷீட்டோடு ஒரு 5 இன்ச் பேப்பர் கோன் மிட் கிடைத்தது. பணம் கட்டும் முன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். முதல் மிட் 6.2 ஓம். இரண்டாவது 3.4. பெட்டி ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, இரண்டிலும் 8 ஓம் என்றே போட்டிருக்கிறது. கடைப்பையன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான், முனைகளை மாற்றி வைத்துப் பார்த்தான், அதே 3.4. "கலந்துடுச்சு போல சார்" என்று குடோனுக்குப் போய் வேறு இரண்டு கொண்டுவந்தான். அதில் ஒன்று 6.1 காட்டியது, அதை எடுத்துக்கொண்டேன். 8 ஓம் ட்ரைவர் டி.சி.யில் சுமார் 5.5-லிருந்து 7-க்குள் காட்ட வேண்டும், 4 ஓம் என்றால் 3-லிருந்து 3.7. சாதாரண மஞ்சள் மீட்டரே போதும். முனைகளை ஒட்டி வைத்தால் வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். கோனின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள். உள்ளே சரசரவென்று உரசினால் அந்தப் பீஸ் வேண்டாம்.

இனி அந்த ட்வீட்டர். 5 இன்ச் மிட்டின் கோன் சுமார் 10 செ.மீ.; 3 கிலோ ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 11.4 செ.மீ. அந்த நெருக்கத்தில் மிட்டின் ஒலி பக்கவாட்டில் பரவாமல் நேராக மட்டும் பாயத் தொடங்கும். அதனால் 2.3 கிலோ ஹெர்ட்ஸிலேயே ட்வீட்டருக்குக் கைமாற்றிவிட வேண்டும். ட்வீட்டரை அதன் ரெசொனன்ஸைப் போல் இரு மடங்குக்கு மேல் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. 900 உண்மையாக இருந்தால் 2.3 சுகமாக நடக்கும். 1,500-க்கு நடக்காது. டோம் திணறும், சத்தம் கூட்டினால் ச, ஷ எல்லாம் சீறும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லின் அடியில் இருந்த வரியை விரலால் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. இங்கேதான் பலர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. அந்த வரியை அச்சடித்துவிட்டதால் கடைக்காரர் தப்பிக்க முடியாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னேன். "காதுக்கு நல்லாத்தானே கேக்குது, இதுல என்ன டிஃபெக்ட்?" என்றார் முதலாளி.

லேப்டாப்பை கவுண்டரிலேயே திறந்தேன். ஆர்.இ.டபிள்யூ. என்ற ஒலி அளக்கும் இலவச சாஃப்ட்வேர், யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நான்கு முதலைக் கிளிப். இம்பீடன்ஸ், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ட்ரைவர் காட்டும் மின்தடை, அளக்க இவ்வளவு போதும்; அதில் முகடு எழும் இடம்தான் ரெசொனன்ஸ். முதலில் கையில் இருந்த மிட்டை அளந்து காட்டினேன், ஷீட்டில் உள்ள 75-க்குப் பக்கத்திலேயே முகடு எழுந்தது. பிறகு அவர் ட்வீட்டர். திரையில் முகடு 1,500-ஐத் தாண்டிப் போய் நின்றதை அவரே குனிந்து பார்த்தார். ஷெல்ஃபிலிருந்து அதே மாடலில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். அதுவும் அப்படியே. அதற்கப்புறம் குரல் மாறியது. பணம் கிடையாது, வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்று அங்கேயே ஒவ்வொன்றாக அளந்தேன். ஓரமாகக் கிடந்த, பெட்டியில் ஒரு எண்ணும் போடாத 1 இன்ச் சில்க் டோம் ஒன்று 1,050 காட்டியது, அதன் ஜோடி 1,080. விலையும் முன்னதைவிடக் குறைவு! மீதிப் பணத்துக்கு ஃபிலிம் கெப்பாசிட்டரும் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரும் வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கு 1,500 ட்வீட்டர்தான் வாய்த்தது என்றால் தூக்கிப் போட வேண்டாம். மிட்டை 4 இன்ச்சாக எடுத்து 3.2 கிலோ ஹெர்ட்ஸில் பிரியுங்கள், வேலை நடக்கும். ட்வீட்டருக்கும் மிட்டுக்கும் நடுப்புள்ளி இடைவெளி மட்டும் 11 செ.மீ.க்கு மேல் போகாமல் நெருக்கி வையுங்கள்.

மிட்டுக்குத் தனி அறை கட்டாயம், இல்லாவிட்டால் ஊஃபரின் அழுத்தம் மிட் கோனைப் பிடித்து ஆட்டும். 6 இன்ச் பி.வி.சி. பைப்பில் 20 செ.மீ. நறுக்கி, மூடி ஒட்டினால் மூன்றரை லிட்டர் கிடைக்கும். உள்ளே தலையணைப் பஞ்சு.

கிராஸ்ஓவரில் விழி பிதுங்குவது கீழ்ப்பக்கம்தான். 450 ஹெர்ட்ஸ், 8 ஓம், இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி (கிராஸ்ஓவரில் ஒரு வகை) என்றால் 5.7 மில்லி ஹென்ரி காயிலும் 22 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டரும் வருகிறது. அங்கே பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போதும், ஃபிலிமை ட்வீட்டருக்கு வையுங்கள். இந்தப் புத்தக மதிப்புகளை அப்படியே சால்டர் செய்துவிடாதீர்கள். உங்கள் ட்ரைவர்களை அளந்து, விட்யூக்ஸ்கேட் போன்ற, கிராஸ்ஓவர் வடிவமைக்கும் இலவச சாஃப்ட்வேரில் போட்டு, திருத்திய பிறகே காயில் வாங்குங்கள். ட்வீட்டரைக் குறைக்க 3.3 ஓம் தொடரிலும் 10 ஓம் குறுக்கேயும் போட்டேன், 5 டெசிபல் இறங்கியது. சோதனை நேரத்தில் தெரியாமல் முழு சிக்னல் போய்விட்டால் டோம் புகைந்துவிடும், அதனால் அந்த வேலை முடியும் வரை ட்வீட்டரோடு தொடரில் ஒரு 10 எம்.எஃப்.டி. கெப்பாசிட்டர் எப்போதும் இருந்தது.

எல்லாம் மாட்டியதும் ட்வீட்டர் வயரைத் திருப்பிப் போட்டு ஒருமுறை அளந்தேன். 2.3 கிலோ ஹெர்ட்ஸில் ஆழமாக, இரு பக்கமும் ஒரே சரிவாக ஒரு பள்ளம். திருப்பிப் போட்டால் இப்படிப் பள்ளம் விழுகிறது என்றால், சரியான போலாரிட்டியில் (ப்ளஸ், மைனஸ் இணைப்பில்) மிட்டும் ட்வீட்டரும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிறது என்று அர்த்தம். வலது பெட்டியிலும் அதே இடத்தில் விழுந்தது. அன்று ராத்திரியே வயரைச் சரியாக மாற்றி சால்டர் வைத்துவிட்டேன்.