யு.பி.எஸ். லைனில் மாட்டிய சோலார்

இரண்டு வாரமாக மதியம் கரண்ட் போனாலே நெஞ்சு படபடத்தது. நேற்றுதான் நிம்மதி.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2 கிலோவாட் சோலார் ஏற்கெனவே ஓடுகிறது. புதிதாக 3 கிலோவாட், தனி இன்வெர்ட்டரோடு சேர்த்தோம். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிதான் இந்தச் சோலார் இன்வெர்ட்டர். விண்ணப்பம், பேனல் ஏற்றுவது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கடைசி நான்கு மீட்டர் வயரில்தான் கோளாறு.

மாட்ட வந்த பையன்கள் அம்மாவிடம் "இன்வெர்ட்டர் லைன் எங்க வருது?" என்று கேட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு இருக்கும் யு.பி.எஸ்.தானே. அம்மா முதல் மாடி டி.பி. பாக்ஸை, அதாவது அறைகளுக்குக் கரண்ட் பிரியும் பெட்டியைக் காட்டினார். யு.பி.எஸ். அவுட்புட்டில் ஓடும் பாக்ஸ் அது. மாடிக்குப் பக்கம், வயரும் மிச்சம் என்று அதிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் நல்ல வெயிலில் கரண்ட் போனது. ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. யு.பி.எஸ். விடாமல் கத்தியது. படிக்கட்டுக்குக் கீழே போனால் பிளாஸ்டிக் கருகும் வாடை. பேட்டரி மூடியோரம் ஆசிட் நுரைத்துக் கசிந்திருந்தது. மாடிக்கு ஓடினேன். பழைய சோலார் இன்வெர்ட்டர் அணைந்திருந்தது. புதியதில் மட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளி மின்சாரம் போனதும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அதன் கரண்ட் வெளி லைனுக்குள் போகும்; கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலோ, யு.பி.எஸ். தரும் 230 வோல்ட்டை அது வெளி மின்சாரம் என்றே எடுத்துக்கொண்டது. வீட்டில் செலவானது போக மிச்சமெல்லாம் யு.பி.எஸ். வழியாகத் திரும்பிப் பேட்டரிக்குள் பாய்ந்துவிட்டது.

மாட்டிய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "யு.பி.எஸ். பழசு சார், அதான்" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் காப்பாற்றியவர், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் லைசென்ஸ் உள்ள ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணன். பாக்ஸைத் திறந்து பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, ரெண்டு சோலாரும் கரண்ட் வர்ற வாசல்லயே சேரணும். உள்ள வந்து சேரக்கூடாது."

3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர், 2 கிலோவாட்டுக்கு 9, ஆக 22. வெயில் நேரம் முழுக்க ஓடும் கரண்ட் என்பதால் கால் பங்கு கூட்டிப் போட வேண்டும் என்றார். புதியதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), பழையதற்கு 16. இரண்டும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரே பெட்டியில் சேர்ந்து, 32 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக, வீட்டு மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் இணைகின்றன. பழையது இதுவரை மெயின் பாக்ஸுக்குள்ளேயே இருந்தது. மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர், உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரும் 63. இரண்டு சோலாரையும் அங்கேயே விட்டிருந்தால், வெளியிலிருந்து 63, சோலாரிலிருந்து 22 என்று 85 ஆம்பியர் வரை இழுத்தாலும் மெயின் டிரிப் ஆகாது, பஸ்பார்தான் சூடேறும். இதை நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் பேப்பர். நிறுவனம் தந்த வரைபடத்தில் ஒரே இன்வெர்ட்டர், ஒரே சீரியல் நம்பர். மின் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அரை நாள் லீவு வீண். கையெழுத்துப் போடும் முன் இரண்டு இன்வெர்ட்டரையும் போட்டோ எடுத்து, நம்பரை வரைபடத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மீதிப் பணத்தை அதுவரை தராதீர்கள். நான் தந்துவிட்டேன்.

நேற்று நண்பகலில், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசொலேட்டரை, அதாவது வெளி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அண்ணன் அணைத்தார். மாடியில் நின்றிருந்தேன். இரண்டு பச்சை விளக்கும் உடனே போயின. புது யு.பி.எஸ்.ஸில் ஃபேன் எப்போதும்போலச் சுற்றியது. திரும்பப் போட்டதும் இரண்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. மனசு கேட்காமல் இன்னொரு தடவை அணைக்கச் சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே அணைத்தார்.